அம்மாள் வருத்தம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்

மூச்சு வாங்கிய பிறகா வருவது?

உடப்பிலும் அதையடுத்த கரையோர ஊர்களிலும் கொப்பளிப்பான் கண்டவர்கள் முதல் நாளில் வைத்தியரிடம் வருவதே அபூர்வம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான் ஆட்டோ வந்து நிற்கும். கரைவலை இழுத்து உரமேறிய தேகமுள்ள இளைஞனை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்குவார்கள். நெஞ்சு முழுக்கக் கொப்பளம். அதன்மேல் அரைத்துப் பூசிய மஞ்சளும் வேப்பிலையும் காய்ந்து வெடித்திருக்கும். ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கும். "ஏனம்மா இவ்வளவு நாள்?" என்று கேட்டால், "அம்மாள் வந்திருக்கிறா டொக்டர், ஊசி மருந்து என்று போனால் கோபிச்சுக்கொள்ளுவா" என்பார் தாய்.

சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிப்போகும் இந்த வருத்தம், வளர்ந்தவர்களுக்கு நுரையீரல்வரை இறங்கக்கூடியது. சிகரட் பிடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து இன்னும் கூட. வைரஸை அடக்கும் குளிசை உண்டு. கொப்பளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆறாம் நாளில் வருபவருக்கு அந்த வாய்ப்புப் போய்விடுகிறது.

1802இல் வந்த பால்

இந்தத் தயக்கம் புதியதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வைசூரி என்ற பெரியம்மை இந்தத் தீவில் பரவியபோது, நோயாளியை விட்டுவிட்டு ஊரே காட்டுக்குள் ஓடியதுண்டு. நோய் வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் முகத்தழும்போடு வாழ்ந்தார்கள். பலருக்குப் பார்வையும் போனது.

அந்தக் காலத்தில் இலங்கையின் ஆங்கிலேய மருத்துவமனைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வைத்தியர் தோமஸ் கிறிஸ்டி. தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது ஒரேயொரு வழி: லேசாக வந்தவரின் அம்மைச் சீழை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைப்பது. அது காப்பாற்றியது, ஆனால் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ அதனாலேயே இறந்தார்கள். கீறப்பட்டவரிடமிருந்து அயலுக்கும் நோய் தொற்றியது.

1796இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், பசு அம்மையின் நீரை, அதாவது அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டார். அதைக் கீழைநாடுகளுக்குக் கொண்டுவருவதுதான் பெரும் பாடாக இருந்தது. நூலில் தோய்த்துக் காயவைத்து அனுப்பினால் கப்பல் வந்து சேர்வதற்குள் வீரியம் போய்விடும். வியன்னாவிலிருந்து ஷான் டி காரோ என்ற வைத்தியர் அனுப்பியது பக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14ஆம் திகதி அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது பலித்தது. அவள் கையில் எழும்பிய கொப்பளத்திலிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துக் குத்தினார்கள். அதே ஆண்டு அந்த அம்மைப்பால் இலங்கைக்கும் வந்தது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. குத்திய எட்டாம் நாள் வாக்கில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து எடுத்து, காத்திருக்கும் அடுத்த பிள்ளையின் கையில் குத்த வேண்டும். அடுத்த பிள்ளையைக் கொண்டுவர யாரும் இல்லையென்றால் மருந்தே அற்றுப்போகும். கிறிஸ்டி பழைய சீழ் கீறும் முறையைக் கைவிட்டு, இந்தச் சங்கிலி அறாமல் ஊர் ஊராகக் கொண்டுசெல்ல ஆட்களை ஏற்பாடு செய்தார். வைசூரி இந்தத் தீவில் செய்த அழிவையும் அம்மைப்பால் வந்த கதையையும் 1811இல் நூலாகவும் எழுதினார். ஆனால் எட்டாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் அம்மாளின் கோபத்துக்குப் பயம் இருந்திருக்கும். இன்னொருவர் உடம்பின் நீர் தன் பிள்ளைக்கா என்ற கூச்சமும் இருந்திருக்கும். அந்தக் கூச்சத்தில் நியாயமும் உண்டு, ஏனென்றால் கைக்குக் கை குத்தும்போது வேறு நோய்களும் தொற்ற இடமிருந்தது. அப்படியிருந்தும் கொண்டுவந்தார்கள். 1886இல் இலங்கையில் இதற்கென்று சட்டமே வந்தது. 1980 மே 8ஆம் திகதி, உலகத்தில் பெரியம்மை இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

அம்மாள் வேண்டாமென்றாளா?

இனிக் கொப்பளிப்பானுக்கு வருவோம். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள், திரௌபதை அம்மன் கோயிலுக்கும் போங்கள். ஆனால் கொப்பளம் காய்ந்த பிறகு போங்கள். கொப்பளம் வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்பளமும் பொருக்கு வைக்கும்வரை இது தொற்றும். நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் ஒருத்தி கர்ப்பிணியாக இருக்கலாம்.

வேப்பிலையால் விசிறலாம், தடவலாம். அரைத்து உடைந்த புண்ணில் அப்பினால் கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். சாம்பலும் பூச வேண்டாம். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பத்து நாள் குளிக்காமல் வைத்திருப்பதும் தவறு. இளம் வெந்நீரில் மெதுவாகக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மீனும் முட்டையும் ஆகாது என்று கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் கிடக்கும் உடம்புக்குச் சாப்பாடு வேண்டும்.

பெயரில்லாத பொட்டலம்

எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். கடையில் போய் "காய்ச்சலும் உடம்பு நோவும்" என்று சொல்லி, கடதாசியில் மடித்துக் கொடுக்கும் நாலு நிறக் குளிசைகளை வாங்கி விழுங்குகிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஸ்டீரொயிட் இருந்தால் கொப்பளிப்பான் உடம்பெல்லாம் மூர்க்கமாகப் பரவும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தால் மூளையும் ஈரலும் பாதிக்கப்படலாம். ஐபுபுரோபன், டைக்ளோபினக் போன்றவையும் வேண்டாம். அதே காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இவை இரத்தப்போக்கை உண்டாக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், அதுவும் நிறைக்குத் தக்க அளவில், போதும். வீட்டில் மிச்சமிருக்கும் அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

கடைக்குப் போகாமல் எங்களிடம் வந்தால், பெரும்பாலும் கொப்பளத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். மூச்சுத் திணறினால் நெஞ்சுப் படம் எடுப்போம்.

சின்னமுத்து திரும்பி வந்தது

கவனிக்க வேண்டியது கொப்பளிப்பான் மட்டுமல்ல. சின்னமுத்தை ஒழித்துவிட்ட நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்தது. நான்கே ஆண்டில், 2023இல், அது திரும்பி வந்தது. ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளும், சிறுவயதில் ஊசி தவறிப்போன இருபது, முப்பது வயதுக்காரர்களும் அகப்பட்டார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்கிறீர்கள். வரலாம், ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாக வந்து போகும். சின்னமுத்தோ நியூமோனியாவையும் மூளை அழற்சியையும் கொண்டுவரும்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளையின் கிளினிக் கொப்பியை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்துக்கும் மூன்றாம் வயதுக்கும் உரிய, சின்னமுத்தைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியின் இடம் வெறுமையாக இருந்தால் உங்கள் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். காசு கேட்கமாட்டார்கள், ஏன் பிந்தினீர்கள் என்று ஏசவும் மாட்டார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பில் கொப்பளம் கண்டால், மூச்சு வாங்கும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.