பெரிய இன நாய்க்குட்டிக்குக் கால்சியம் டானிக் ஏன் கூடாது?

தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் காவலுக்கு ராஜபாளையமோ லாப்ரடாரோ வளர்க்கப்போகிறீர்களா? சத்துக் குறையாத தீவனம் தின்னும் குட்டிக்கு, மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள்.

ஏன்? சுமார் 6 மாதம் வரை குட்டியின் குடலுக்கு, மிகுதியான கால்சியத்தைத் தடுக்கும் திறன் குறைவு. உள்ளே போவதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். அப்படி மிகுதியாகச் சேர்ந்தால் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் போகலாம். மூட்டு வலிக்கலாம், கால் கோணலாம். அளவுக்கு மீறித் தீனி போட்டாலும் எடை முந்திக்கொண்டு மூட்டை அழுத்தும்.

எப்படி வளர்ப்பது? 4 மாதம் வரை தீவனத்தை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட 12 முதல் 18 மாதம் ஆகலாம்; அதுவரை பைக் பின்னால் ஓடவிடாதீர்கள். 'உட்கார்' என்ற கட்டளையைப் பழக்க ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். உட்கார்ந்த நொடியே ஒரு துணுக்குத் தீனி கொடுங்கள். அதையும் அன்றைய அளவில் கழித்துவிடுங்கள்.