ஏர் பம்ப்பைக் கழற்றினால் வேகம் கூடுமா?

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. அதன் 1798 சிசி எஞ்சின் தொடக்கத்தில் சுமார் 95 குதிரைத்திறன் தந்தது. அமெரிக்கப் புகை விதிகளுக்காக மாற்றப்பட்ட கடைசிக்காலக் கார்களில் அது 65-க்கும் கீழே இறங்கிவிட்டது.

பழியெல்லாம் ஏர் பம்ப் தலையில் விழுந்தது. பெல்ட்டில் சுழலும் இந்தச் சாதனம் எக்ஸாஸ்ட் வால்வுகளின் அருகே காற்றை ஊதி, எரியாமல் தப்பிய பெட்ரோலை அங்கேயே எரிக்க உதவுகிறது, அவ்வளவுதான். அது தின்னும் சக்தி சொற்பம். திறனை உண்மையில் குறைத்தவை, தாழ்த்தப்பட்ட அமுக்க விகிதமும், 1975 மாடலில் இரட்டை எஸ்யு கார்ப்பரேட்டர்களுக்குப் பதிலாக வந்த ஒற்றை ஸ்ட்ராம்பெர்க்கும்.

ஆனாலும் கழற்றுகிறார்கள். கழற்றியதும் சிலிண்டர் ஹெட்டில் நான்கு ஓட்டைகள் வாய்பிளந்து நிற்கும். சரியான மரையுள்ள போல்ட் போட்டு அடைக்காவிட்டால், எக்ஸாஸ்ட் புகை அவற்றின் வழியே சீறும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவையும் சேர்த்துத் தூக்கி எறிவது சுத்த அசட்டுத்தனம். வேகம் துளியும் கூடாது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் நாறும்.

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. அதற்காகக் கழற்றலாம் என்று அர்த்தமில்லை. 1976 மாடல் என்றால், சாதனங்கள் இல்லாத கார் பரிசோதனையிலேயே தேறாது.