சிவப்புச் சீனி ஏன் இறுகுகிறது?

மாணவர்களே, இவ்வினாவுக்கு உங்களிற் பலர் "ஈரம் பட்டதால்" என எழுதிவிடுகிறீர்கள். அவ்விடை வெள்ளைச் சீனிக்குப் பொருந்தும். சிவப்புச் சீனியில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

சிவப்புச் சீனியின் ஒவ்வொரு பளிங்கையும் சுற்றி மெல்லிய கரும்புப்பாகுப் படலம் உண்டு. அதன் நிறமும் மணமும் இப்பாகினால் வருவனவே. பையைத் திறந்தபடி வைத்தால் படலத்திலுள்ள நீர் ஆவியாகும். காய்ந்த பாகு பளிங்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பழுதடைந்துவிட்டதென எறிந்துவிட வேண்டாம். சீனி இழந்தது நீரை மட்டுமே.

அந்நீரைத் திருப்பிக் கொடுப்பதே வழி. சீனியைப் போத்தலில் இட்டு, மேலே சுத்தமான கடதாசித் துண்டொன்றை விரித்து, அதன்மேல் ஒரு துண்டுப் பாணை வைத்து இறுக மூடுங்கள். பாணிலிருந்து வெளியேறும் நீராவியைப் பாகு உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் பாண் காய்ந்திருக்கும், சீனி இளகியிருக்கும். பாணை உடனே எடுத்துவிடுங்கள். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். அவசரப்பட்டு நேரே தண்ணீர் தெளிப்பது தவறு. தெளித்த இடத்தில் சீனி கரைந்து, காயும்போது முன்னிலும் கடினமாகும்.

இளகிய சீனியை வளிபுகாத போத்தலில், அடுப்புச் சூட்டுக்கு எட்டவே வையுங்கள். வெள்ளைச் சீனிப் போத்தலுக்குள் மட்டும் பாணை வைத்துவிடாதீர்கள்!