பஞ்சமம் ஒரு ஃப்ரெட் ஏறினால்

ஒலக்கூரிலோ திண்டிவனத்திலோ கிட்டார் பழகும் பிள்ளை மேஜர், மைனர் கார்டுகளைத் தாண்டி ஆக்மென்டட் கார்டுக்கு வந்ததும் தயங்கி நிற்பது இயல்பு. மீட்டினால் பாட்டு முடியாமல் தொங்குவதுபோல் கேட்கிறது. நம் காதுக்கு ஒட்டாத மேற்கத்திய விஷயம் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் சரளி வரிசை பாடிய எவருக்கும் இந்தக் கார்டின் மூன்று சுரங்களும் ஏற்கெனவே தொண்டையில் இருக்கின்றன. கர்நாடக இசையின் முதல் பாடமான அந்த வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. புரந்தரதாசர் வகுத்த முறை என்பது மரபு. அந்த ராகத்தின் சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் அதுவே ஆக்மென்டட் கார்டு.

சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் நான்கு ஃப்ரெட் தூரம். அங்கிருந்து சுத்த தைவதம் நான்கு, அதிலிருந்து மேல் சட்ஜம் மறுபடியும் நான்கு. ஒரு ஸ்தாயி மூன்று சம பங்காகிவிடுகிறது. மேஜர் கார்டில் ச, க, ப. தம்புரா விடாமல் ஒலிக்கும் சட்ஜ பஞ்சம உறவு அதில் இருப்பதால் காது அமர்கிறது. ஆக்மென்டட்டில் பஞ்சமம் ஒரு ஃப்ரெட் ஏறிவிட, அமர இடமில்லை. கிட்டாரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சி மேஜரில் திறந்து ஒலிக்கும் மூன்றாம் கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் போதும்: ஐந்தாம் கம்பியில் 3, நான்காவதில் 2, மூன்றாவதிலும் இரண்டாவதிலும் 1, மெல்லிய முதல் கம்பி திறந்தபடி. ஆள்காட்டி விரலை அந்த இரண்டு கம்பிகள்மேல் படுக்க வைக்க வேண்டும். முதல் கம்பி மூடிப்போனாலும் கவலையில்லை, அதன் சுரம் நான்காம் கம்பியில் கிடைக்கிறது. கீழ் நான்கு கம்பிகளின் இந்த வடிவத்தை நான்கு ஃப்ரெட் நகர்த்தி 6, 5, 5, 4 என்று பிடித்தால் அதே மூன்று சுரங்கள் இடம் மாறி வரும். ஆக, சி ஆக்மென்டட்டும் ஈ ஆக்மென்டட்டும் ஜி ஷார்ப் ஆக்மென்டட்டும் ஒன்றே. பன்னிரண்டு பெயர்களுக்கு நான்கே கார்டுகள். மேற்கத்திய இசையமைப்பாளர் லிஸ்ட் 1850களில் எழுதிய ஃபாஸ்ட் சிம்பொனியின் தொடக்கத்தில் இந்த நான்கையும் தனித்தனிச் சுரங்களாக உதிர்த்தே பன்னிரண்டு சுரங்களையும் தொட்டுவிடுகிறார்.

சுரங்களை அடுக்கி ஒலிப்பது ராகமாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ராகத்துக்கு வரிசையும் கமகமும் வேண்டும். மாயாமாளவகௌளையின் தைவதம் பஞ்சமத்தின் பக்கம் சாயும். கார்டில் அதே சுரம் பெரும்பாலும் மேலே ஏறவே துடிக்கும். சி மேஜர், சி ஆக்மென்டட், எஃப் மேஜர் என்று வாசித்துப் பாருங்கள்: பஞ்சமம் சுத்த தைவதமாகி, சதுச்ருதி தைவதத்தில் போய் இளைப்பாறும், காந்தாரமும் கூடவே மத்யமத்துக்கு ஏறிவிடும். ஒரே சுரம் இறங்கவும் விரும்பும், ஏறவும் விரும்பும் என்பதைப் பாடிப் பழகியவர் எளிதில் பிடித்துக்கொள்வார். விரல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது வராது.

இதைவிட வலுவான மறுப்பு சுருதி பற்றியது. சுத்தமான அந்தர காந்தார இடைவெளிகள் மூன்றை அடுக்கினால் மேல் சட்ஜத்தை எட்டாது. ஏறக்குறைய அரை சுரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒவ்வொரு காந்தாரத்தையும் சற்றே உயர்த்தித்தான் அந்தக் குறையை நிரப்புகின்றன. எனவே நான் மேலே சொன்ன சமபங்கு கிட்டார், பியானோ போன்ற சமசுருதிக் கருவிகளுக்கு உரியது. தம்புராவோடு பாடும் குரலுக்கு அல்ல. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனாலும் உறவு அறுந்துபோவதில்லை. குரலில் தெரிந்த சுரத்தைக் கிட்டாரில் அடையாளம் காண அந்தச் சிறு வித்தியாசம் தடையாவதில்லை.

இரண்டு மரபையும் ஒரே ஆள் ஆழமாகக் கற்க முடியுமா என்ற ஐயத்துக்கு இளையராஜா பதில். பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஊர்ப்புறங்களில் கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஆக்மென்டட் கார்டின் படத்தைக் காட்டும் முன், மாணவரை ச, க, ப பாடச் சொல்லுங்கள், பிறகு பஞ்சமத்தை மட்டும் சுத்த தைவதத்துக்கு ஏற்றிப் பாடச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விரலை வைக்கச் சொல்லுங்கள்.