வெட்டிய விளிம்பும் பிரியாத தையலும்

ஐதராபாத்தின் பாலாநகர் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பகுதி. மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968இல் இங்குத் தொடங்கப்பட்டது. பட்டறைகளில் உலோகத்தை வெட்டியதும் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து அகற்றுவர். துணியை வெட்டினாலும் பிசிறு தோன்றும். ஆனால் அதனை அவ்வாறு அகற்ற இயலாது. வெட்ட வெட்டப் புதிய விளிம்பு உண்டாகும், அதுவும் பிரியும்.

இதற்குக் காரணம் நெசவில் உள்ளது. நெடுக்கே செல்லும் பாவு நூலும் குறுக்கே செல்லும் ஊடை நூலும் இணைந்ததே துணி. தறியில் ஊடை நூல் இரு ஓரங்களிலும் மடங்கித் திரும்புகிறது. ஆகவே அவ்வோரங்கள் பிரிவதில்லை. கத்தரி பட்ட இடத்தில் அம்மடிப்பு இல்லை. பட்டிழை வழவழப்பானது, எளிதில் நழுவும். பட்டுப் பாவாடையை விளிம்பை ஒட்டித் தைத்தால், விழாவில் அமர்ந்து எழும்போதே தையல் விட்டுப்போகலாம்.

சேலையின் முந்தானையில் பாவு நூல்களின் முனைகள் கட்டின்றி நிற்கும். அவற்றைச் சேர்த்து முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டுவர். குஞ்சம் அழகு மட்டுமன்று, காவலும் ஆகும்.

மெல்லிய பட்டுக்குப் பிரெஞ்சுத் தையல் ஏற்றது. அதன் முறை வருமாறு:

1. தையலுக்கென 15 மி.மீ. துணியைக் கூடுதலாக விடுக.
2. இரு துண்டுகளின் உட்புறங்களையும் சேர்த்து வைத்து, விளிம்பிலிருந்து 9 மி.மீ. உள்ளே தைக்க.
3. தையலுக்கு வெளியே 3 மி.மீ. மட்டும் விட்டு, எஞ்சியதைக் கத்தரிக்க.
4. துணியைத் திருப்பி, மேற்புறங்களைச் சேர்த்து மடித்து, மடிப்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே மீண்டும் தைக்க.

இப்போது வெட்டிய முனைகள் இரு தையல்களுக்கு இடையே பைக்குள் இருப்பதுபோல் அடங்கிவிடும்.

தடித்த சரிகைத் துணியில் இம்முறை புடைத்துத் தோன்றும். அதற்கு விளிம்பை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரமே நன்று. செயற்கை இழையின் விளிம்பைச் சூட்டால் உருக்கி ஒட்டச் செய்வதும் உண்டு. பட்டுக்கு அது பொருந்தாது; பட்டு உருகாது, கருகும்.

வெட்டிய பட்டை மீண்டும் முழுத்துணி ஆக்க இயலாது. எனவே கத்தரியை எடுக்கும் முன்பே விளிம்பை எவ்வாறு காப்பது என முடிவு செய்தல் வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் அத்தையலே ஆடையின் ஆயுளை நீட்டிக்கும்.

சொற்பொருள்
பிசிறு – வெட்டிய விளிம்பில் நீட்டி நிற்கும் துணுக்கு
அரம் – உலோகத்தைத் தேய்க்கும் கருவி

வினாக்கள்
1. தறியில் அமைந்த ஓரம் பிரியாதிருப்பது ஏன்?
2. உம் வீட்டுச் சேலை ஒன்றின் நான்கு ஓரங்களையும் உற்றுநோக்கி, அவை காக்கப்பட்டுள்ள முறையை எழுதுக.