மெலிவுக்குப் பசி மட்டுமா காரணம்?

“உன்ரை பெட்டைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?”

கோயில் வீதியில் ஒரு மாமி இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கணவரை இழந்து, ஒரு தையல் மெசினை நம்பிப் பிள்ளை வளர்ப்பவளுக்கு இதைவிட வலிக்கிற கேள்வி வேறு இல்லை. இது 2018 இல் நடந்தது. மகளுக்கு அப்போது 13 வயது.

2009 இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்தபோது அவளுக்கு 4 வயது. எங்கள் வரிசைக் கூடாரங்களில் வயிற்றோட்டம் வராத பிள்ளை இல்லை. பின்னர் வடமராட்சிக்குத் திரும்பி வந்தோம். அங்கும் அவள் மெலிந்தே இருந்தாள். முகாமில் பட்ட கஷ்டம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

12 வயதில் வயிற்றுநோவும் வயிற்றோட்டமும் தொடங்கின. இரவிலும் எழும்பி மலம் கழிக்கப் போவாள். மாலையானால் மெல்லிய காய்ச்சல். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சாமத்தியப்பட்டுவிட்டார்கள். இவள் வளரவே இல்லை. கொதி என்றார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தேன். தனியார் வைத்தியர் ஒருவர் வயிற்றுளைவு என்று மூன்று முறை மருந்து தந்தார். சில நாள் குறையும், திரும்பவும் வரும்.

முகாமுக்கு வரும் வழியில் அவளுடைய வளர்ச்சிப் பதிவேடு தொலைந்துவிட்டது. அதனால் பிறகு எங்கே நிறுத்தாலும் அந்த நிறையை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பிதான் எங்களைக் காப்பாற்றியது. குழந்தை நல வைத்திய நிபுணர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றரை வருடமாக நிறை 27 கிலோவிலேயே நின்றது.

“அம்மா, நீங்கள் சாப்பாடு குடுக்காமல் இல்லை. பிள்ளையின்ரை குடல்தான் அதை ஏற்கேல்லைப் போலை. முதலிலை இரத்தம் பாப்பம்” என்றார். அன்று அந்த மேசையிலேயே அழுதுவிட்டேன்.

அந்தப் பரிசோதனைகளை அவர் எனக்கு விளக்கியபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈ.எஸ்.ஆர். என்பது நூறு வருடமாக வழக்கில் உள்ள பரிசோதனை. மெல்லிய குழாயில் இரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் அவை சில்லறைக் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு விரைவாக இறங்கும். சி.ஆர்.பி. என்பது ஈரல் சுரக்கும் ஒரு புரதம். அழற்சி தொடங்கிய சில மணித்தியாலங்களிலேயே கூடும். தணிந்தால் விரைவாகக் குறையும். ஈ.எஸ்.ஆர். மெதுவாகவே குறையும். இவற்றோடு ஹீமோகுளோபின், குருதிச் சிறுதட்டுகள், அல்புமின் என்பவற்றையும் பார்ப்பார்கள். குடல் அழற்சி நோயில் பெரும்பாலும் ஹீமோகுளோபினும் அல்புமினும் குறையும், சிறுதட்டுகள் கூடும். என் மகளுக்கு எல்லாம் அப்படியே இருந்தன.

ஆனால் இரத்தம் நோயின் பெயரைச் சொல்லாது. உள்ளே தணல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். நெருப்புக்காய்ச்சலிலும் காசநோயிலும் மூட்டுவாதத்திலும்கூட இந்த அளவுகள் கூடலாம். அதேபோல, அளவுகள் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகள் பற்றி வட அமெரிக்காவில் 2007 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் கடுமையாகாத நிலையில், பெருங்குடற் புண் நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கும், குரோன்ஸ் நோயுள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் வழமையான இரத்தப் பரிசோதனைகள் சாதாரணமாகவே இருந்தன.

அதனால் அடுத்த படிகளும் தேவை. மலத்தில் கல்புரொடெக்டின் என்ற புரதத்தை அளந்தால் அழற்சி குடலில்தானா என்று அறிய உதவும். கிருமிகளையும் காசநோயையும் தேடிப் பார்க்க வேண்டும். குடல் காசநோய் இந்த நோயைப் போலவே தோன்றும். அது தெரியாமல் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைத் தொடங்கினால் ஆபத்து. கடைசியில் கமெரா பொருத்திய குழாயால் குடலைப் பார்த்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்வார்கள். மகளுக்கு வந்திருந்தது குரோன்ஸ் நோய்.

இது தொற்று நோயல்ல. தாய் கவனிக்காததால் வருவதுமல்ல. நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் குடல் அழற்சி நோயாளர் 295 பேர் கணக்கெடுக்கப்பட்டிருந்தனர்.

முதல் ஆறு வாரமும் சோறு இல்லை; வைத்தியர் எழுதித் தந்த சத்துப்பால் மட்டும்தான். பிள்ளைகளின் குரோன்ஸ் நோய்க்கு அதுவே ஒரு வைத்தியம். புட்டு வாசம் வந்தால் அவள் அழுவாள். அவளுக்காக நானும் புட்டு அவிக்காமல் விட்டேன். பிறகு அசதியோபிரின் மாத்திரை தொடங்கியது. அந்த மருந்து வெண்குழியங்களையும் ஈரலையும் தாக்கலாம் என்பதால் இன்றும் ஒழுங்காக இரத்தம் சோதிக்கிறோம். சுகம் என்று தோன்றினாலும் நாமாக மருந்தை நிறுத்தக்கூடாது.

சகோதரிகளே, நாங்கள் பட்டினி கண்டவர்கள். பிள்ளை மெலிந்தால் பசிதான் காரணம் என்று எண்ணி நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால் நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுநோவு, ஏறாத நிறை, பிந்தும் பருவ வளர்ச்சி, ஆறாத வாய்ப்புண், மலவாயிலில் புண் என்பவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். வெட்கப்படாமல் மலத்தைப் பற்றியும் சொல்லுங்கள். நிறை எழுதிய கொப்பியையும் கொண்டு போங்கள்.

மகள் 15 வயதில் பெரியபிள்ளையானாள். அன்று முதல் ஆளாகப் பலகாரத் தட்டோடு வந்தவர் அந்த மாமிதான். நான் அவருக்குக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் 41 கிலோ என்று எழுதியிருந்தது.