கணித ஆய்வுக் கட்டுரைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

கணிதத் தேர்வு என்றதும் வினாத்தாளும் கடிகாரமும்தான் நம் நினைவுக்கு வரும். இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் எனப்படும் ஐ.பி. டிப்ளமோ படிப்பவர்களுக்கு அதோடு முடிவதில்லை. மாணவர் தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, ஆராய்ந்து, 12 முதல் 20 பக்கங்களுக்குள் ஒரு கணித ஆய்வுக் கட்டுரை எழுதித் தர வேண்டும். கணிதப் பாடத்தின் இறுதி மதிப்பீட்டில் 20 விழுக்காடு இதற்குத்தான். ஜெனீவாவில் 1968-ல் தொடங்கிய இந்த அமைப்பின் டிப்ளமோ படிப்பு 1976-லேயே கொடைக்கானல் பள்ளி ஒன்றின் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இன்று பெருநகரங்கள் பலவற்றில் ‘மேத்ஸ் ஐ.ஏ.’ (இன்டர்னல் அசெஸ்மென்ட்) எனப்படும் இந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சு அடிபடாத ஐ.பி. வீடு இருக்காது. அந்த வீடுகளில் ஒரு நம்பிக்கையும் ஊறிக் கிடக்கிறது: தலைப்பு எவ்வளவு கடினமோ, மதிப்பெண் அவ்வளவு கூடும் என்பது அது. அந்த நம்பிக்கை தவறு. ஒரு கட்டுரைக்கு வலு சேர்ப்பது, கையடக்கமான ஒரு கேள்வியும் அதை நோக்கி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் சொல்லப்படும் காரணமும்தான்.

மதிப்பெண் பிரித்திருக்கும் விதமே இதற்குச் சான்று. மொத்தம் 20 மதிப்பெண். கட்டுரையின் அமைப்பும் ஒழுங்கும் 4. குறியீடு, வரைபடம், கலைச்சொல் ஆகியவற்றைச் சரியாகக் கையாள்வது 4. மாணவரின் சொந்த ஈடுபாடு 3. கிடைத்த முடிவைத் திரும்பிப் பார்த்து எடைபோடுவது 3. கணிதத்தைப் பயன்படுத்திய விதம் 6. அதாவது 14 மதிப்பெண், கணிதத்தைச் சுற்றி மாணவர் எப்படிச் சிந்தித்தார், அதை எப்படி எடுத்துச் சொன்னார் என்பதற்கே போகிறது. மீதமுள்ள 6 மதிப்பெண்ணிலும் படிக்கும் பாடத்தின் தரத்துக்கு ஏற்ற கணிதம் இருக்கிறதா, அதை மாணவர் புரிந்துகொண்டு செய்தாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளிர்பானம் வரும் 330 மில்லி அலுமினிய கேனுக்கு இந்த வடிவம் ஏன் என்பது கேள்வி. குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மிகக் குறைந்த உலோகத்தில் ஓர் உருளை செய்ய வேண்டுமானால், அதன் உயரம் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு வகை நுண்கணிதமே இதை நிறுவப் போதும். பல கட்டுரைகள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அளவுகோலைக் கையில் எடுத்தால்தான் ஆய்வு தொடங்குகிறது. நிஜ கேனின் விட்டம் சுமார் 6.6 சென்டிமீட்டர், உயரம் சுமார் 11.5 சென்டிமீட்டர். உயரம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு! கணக்கு பிழையா, தயாரிப்பவருக்குக் கணக்குத் தெரியாதா? இரண்டும் இல்லை. உலோகம் எங்கும் ஒரே தடிமன் என்று நாம் வைத்துக்கொண்ட அனுமானம்தான் பிசகு. கேனின் மூடி பக்கச் சுவரைவிடத் தடிமனானது. அந்த வேறுபாட்டைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டால் அழகான ஒரு முடிவு கிடைக்கிறது: மூடியும் அடியும் சுவரைப்போல் எத்தனை மடங்கு தடிமனோ, உயரமும் விட்டத்தைப்போல் அத்தனை மடங்கு இருக்க வேண்டும். கேன் நெட்டையாக இருப்பதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மூடி உடலைவிடக் குறுகியது. அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்தது. இவற்றை இந்தக் கணக்கு இன்னும் தொடவில்லை என்பதையும் கட்டுரை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இதில் பாடப்புத்தகத்தைத் தாண்டிய கணிதம் எதுவும் இல்லை. ஆனால் மதிப்பெண் தரும் ஐந்து கூறுகளும் இதற்குள் இயல்பாக வந்து அமர்ந்துவிட்டன. சொந்த ஈடுபாடு என்பது ‘சிறு வயது முதலே எனக்குக் கணிதம் பிடிக்கும்’ என்ற முன்னுரை வரி இல்லை. தாமே அளந்தது, முரண்பாட்டைக் கண்டு அனுமானத்தை மாற்றியது, இவைதான் ஈடுபாடு. அதேபோல, திரும்பிப் பார்த்தல் என்பது கடைசிப் பக்கத்தில் ஒட்டவைக்கும் பத்தி இல்லை. ஒவ்வொரு முடிவு கிடைத்ததும் ‘இது நம்பத்தக்கதா, எதை விட்டுவிட்டோம்?’ என்று கேட்பது அது.

ஐ.பி. கணிதத்தின் மேல்நிலைப் பிரிவில் (ஹையர் லெவல்) படிப்பவர்களுக்கு இது போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பிரிவில் கணிதம் நுட்பமாகவும் தர்க்கப் பிசகின்றியும் இருக்க வேண்டும் என்பது உண்மை. அந்த நுட்பத்தைக் கேள்வியே கேட்டு வாங்க வேண்டும். குழிந்த அடிப்பாகத்தையும் கணக்கில் சேர்க்க முனைந்தால் மேல்நிலைக் கணிதம் தானாக வந்து நிற்கும். புரியாத சமன்பாடுகளை எங்கிருந்தோ எடுத்து அடுக்கினால், கணிதப் பயன்பாட்டுக்கான மதிப்பெண்ணும் கைநழுவும். இன்னொரு ஐயம், இந்தக் கட்டுரை கணிதத்தைச் சோதிக்கிறதா, மொழியையா என்பது. இங்கே கேட்கப்படுவது மொழி அலங்காரம் இல்லை. ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது என்று சொல்வது, வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இடுவது, ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று காட்டுவது ஆகியவையே. இவை கணிதத்தின் உள்ளேயே இருக்கும் ஒழுக்கங்கள். எளிய வாக்கியங்களில் இவற்றைச் செய்துவிடலாம்.

டியூஷன் ஆசிரியரோ செயற்கை நுண்ணறிவோ எழுதித் தந்துவிட்டால் இந்த மதிப்பீட்டுக்கு என்ன பொருள் என்ற ஐயம் இவற்றைவிடக் கனமானது. சாட்ஜிபிடி போன்றவற்றைத் தடை செய்யப்போவதில்லை, ஆனால் அவற்றிலிருந்து எடுத்ததை வெளிப்படையாகச் சுட்ட வேண்டும் என்று ஐ.பி. அமைப்பு 2023-ல் அறிவித்தது. கட்டுரை மாணவருடையதுதான் என்று பள்ளி ஆசிரியர் உறுதி சொல்ல வேண்டும். ஒரு வரைவுக்கு மட்டுமே அவர் கருத்துச் சொல்லலாம். அவர் இடும் மதிப்பெண்ணை வெளி மதிப்பீட்டாளர்கள் மாதிரி எடுத்துச் சரிபார்க்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஏமாற்ற வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தாமே அளந்த எண்களும் தாமே எடுத்த முடிவுகளும் நிறைந்த கட்டுரையைப் பற்றி ஆசிரியர் நான்கு கேள்வி கேட்டால், எழுதியவரால் மட்டுமே தயங்காமல் பதில் சொல்ல முடியும்.

எனவே மாணவர்கள் தலைப்பைத் தேடும்முன் கேள்வியைத் தேடட்டும். அதை ஒரே வாக்கியத்தில் எழுத வரவில்லையென்றால் அது இன்னும் பெரிது, சுருக்க வேண்டும். கணக்கு, தோற்றுப்போன முயற்சி, மாற்றிய அனுமானம் எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்துவரட்டும். கட்டுரை அந்த நோட்டிலிருந்து பிறக்கும். பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பிள்ளை சின்னக் கேள்வியோடு வந்து நின்றால், இதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.